வைக்கோலில் அடைபட்ட சர்க்கரை

ஐப்பசி பிறந்தால் நம் ஊர்ப் பக்கம் அடைமழை. அதே நாட்களில் தலைநகரில் பயிலும் நமக்கு வாய்ப்பதோ புகை. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை முடிந்ததும், வயலில் நிற்கும் அரிதாளுக்கும் சிதறிக் கிடக்கும் வைக்கோலுக்கும் தீ வைக்கிறார்கள். அந்தப் புகை காற்றோடு வந்து, இங்குள்ள வண்டிப் புகையோடும் ஆலைப் புகையோடும் கட்டட வேலைத் தூசியோடும் கலந்து நகரின் மேல் கவிகிறது. "வைக்கோலை ஏன் எரிக்க வேண்டும்? மாட்டுக்குப் போட்டால் ஆகாதா?" என்று கேளாத தமிழ் மாணவர் நம்மில் அரியர்.

கேள்வி நியாயமானதே. நம் நாட்டுப்புறத்தில் வைக்கோற்போர் என்பது வீட்டுச் செல்வம். ஆனால் பஞ்சாபில் மாட்டுக்குக் கோதுமை வைக்கோலே தீவனம். நெல் வைக்கோலில் சிலிக்கா, அதாவது மணற்சத்து, மிகுதி என்று அதை ஒதுக்குகிறார்கள். கதிர் அறுக்கும் இயந்திரமோ கதிரைக் கொய்துகொண்டு, தாளை நின்றபடியே விட்டுச் செல்கிறது. இதற்கு மேல் காலத்தின் நெருக்கடியும் உண்டு. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாபில் 2009-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நாற்று நடக்கூடாது என்றது அச்சட்டம். நோக்கம் நல்லது, ஆயினும் நடவு பின்தள்ளவே அறுவடையும் பின்தள்ளியது. நெல்லை அறுத்துக் கோதுமையை விதைப்பதற்கு இடையே உழவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் வயலைத் துப்புரவாக்கும் மிக மலிவான கருவி ஒரு தீக்குச்சி.

உழவரைக் குறை கூற எழுந்ததன்று இக்கட்டுரை. எரிக்கப்படும் பொருள் யாது, அதைப் பிரித்துப் பயன்கொள்ள இயற்கை வைத்திருக்கும் வழி யாது, அந்த வழி இன்னும் வயலுக்கு முழுமையாக வந்து சேராதது ஏன் என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

ஒரே செங்கல், இரு சுவர்

சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். சோற்றில் உள்ள மாவுப்பொருளை உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி சர்க்கரையாக உடைப்பதே காரணம். என்ஸைம் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பொருளைத்தான் தமிழில் நொதி என்கிறோம். உயிர்கள் ஆக்கும் புரதமே நொதி. அது தான் அழியாமல் நின்று பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும்.

வைக்கோலை எவ்வளவு மென்றாலும் இனிக்காது. ஆனால் வைக்கோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனதே! மாவுப்பொருளும் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. செங்கல் ஒன்றே, அடுக்கிய விதந்தான் வேறு. மாவுப்பொருளில் குளுக்கோஸ் அலகுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இணைகின்றன. எனவே சங்கிலி சுருள்கிறது. நீரும் நொதியும் எளிதில் உட்புகுகின்றன. செல்லுலோஸிலோ ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. ஆகவே சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பல பக்கம் பக்கமாக நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக் கட்டுண்டு, நார் ஆகிவிடுகின்றன. இந்தக் கட்டினால்தான் தென்னை புயலில் முறியாமல் வளைகிறது. பருத்தி நூல் துணியாகித் துவைப்பையும் தாங்குகிறது. இதே கட்டினால்தான் நம் வயிற்றுக்கு வைக்கோல் உணவாவதில்லை.

இவ்விரு செய்திகளின் தொடக்கமும் ஒருவரிடமே இருப்பது வியப்பு. பிரான்ஸ் நாட்டு வேதியியலார் ஆன்செல்ம் பாயென், பெர்சோ என்பாருடன் சேர்ந்து, முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து மாவுப்பொருளை உடைக்கும் நொதியை 1833-இல் பிரித்தார். தனியே பிரிக்கப்பட்ட முதல் நொதி அதுவே. அவரே 1838-இல் செடிகளின் உடலிலிருந்து செல்லுலோஸைப் பிரித்துக் காட்டினார். ஆனால் செல்லுலோஸை உடைக்கும் நொதியை விளங்கிக்கொள்ள, அதற்குப் பின் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

வெளியே செரித்து உள்ளே உண்பது

பூசணத்திற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஈர ரொட்டியில் பூக்கும் பச்சைப் பூசணமும், மழைக்குப் பின் மண்ணில் எழும் காளானும் ஒரே குலத்தவை. நூலினும் மெல்லிய இழைகளாக இவை தம் உணவின்மீது படர்கின்றன. படர்ந்தபின் நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவைத் தமக்கு வெளியிலேயே செரித்து, கரைந்த சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம்; பூசணம் செரித்தபின் உண்கிறது. மனிதனுக்கு இது பெருவாய்ப்பு. நொதி உயிரணுவுக்குள் அடைபட்டிருந்தால் அதை உடைத்தெடுக்க வேண்டும். வெளியே கசிவதால் வடிகட்டியே எடுத்துவிடலாம்.

மாடு வைக்கோலைத் தின்று வாழ்வதும் பிறர் உதவியால்தான். அதன் முன்வயிற்றில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருந்து செல்லுலோஸை உடைத்துக் கொடுக்கின்றன. அவற்றில் பூசணங்களும் உண்டு என்பதை இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் 1975-இல் எடுத்துக்காட்டினார். காற்றே இல்லாத இடத்தில் பூசணம் வாழாது என்றுதான் அதற்கு முன் பலரும் எண்ணியிருந்தனர்.

கூடாரத்தைத் தின்ற பூசணம்

இன்று உலகெங்கும் செல்லுலோஸை உடைக்கும் நொதிக்குப் பெயர்பெற்ற பூசணம் முதலில் ஒரு பகைவனாகவே அறிமுகமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தென் பசிபிக் தீவுகளில் தங்கியபோது, கித்தான் கூடாரங்களும் பருத்தி உடைகளும் மிக விரைவில் இற்றுப்போயின. காரணம் காணப் படைத்துறையே ஓர் ஆய்வுக்கூடம் வைத்தது. இற்ற துணிகளிலிருந்து பூசணங்களைப் பிரித்தெடுத்து எண்ணிட்டு வைத்தார்கள். சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவிலிருந்து கிடைத்த ஒன்றுக்குக் கியூ.எம். 6ஏ என்று பெயர். முதல் இரண்டு எழுத்துகள் படைக்குப் பொருள் வழங்கும் துறையைக் குறிப்பன.

எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் என்னும் இருவர் அந்த ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்தனர். பூசணத்தை ஒழிப்பது எப்படி என்று தொடங்கிய வினா, அதன் நொதியைப் பெறுவது எப்படி என்று மாறிற்று. துணியைத் தின்னும் ஆற்றல் குப்பைக்காகிதத்தையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கும் ஆற்றல் அன்றோ! முதலில் டிரைக்கோடெர்மா விரிடி என்று கருதப்பட்ட இந்தப் பூசணம் வேறோர் இனம் என்று தெரிந்ததும், 1977-இல் ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் பெற்றது. தொழிற்சாலைகளில் இன்று வளர்க்கப்படும் இவ்வினத்து வகைகள் யாவும் அந்த ஒரு தீவுப் பூசணத்தின் வழித்தோன்றல்கள். நம் ஊர் உழவர்கள் விதைநேர்த்திக்கு வாங்கும் டிரைக்கோடெர்மா விரிடித் தூளும் இதன் உறவே.

நொதிகளின் கூட்டுவேலை

செல்லுலோஸை ஒரு நொதி தனியே உடைப்பதில்லை. மூவகை நொதிகள் கூடி உழைக்கின்றன. முதலாவது, எண்டோகுளுக்கனேஸ். இது நாரில் சற்றுத் தளர்ந்த இடம் பார்த்துச் சங்கிலியை நடுவே வெட்டும். வெட்டிய இடத்தில் புதிய முனைகள் தோன்றும். இரண்டாவது, செல்லோபயோஹைட்ரோலேஸ். இதன் உடலில் சுரங்கம் போன்ற ஒரு துளை உண்டு. சங்கிலியின் முனையை ஊசியில் நூல் கோப்பதுபோல் அத்துளையில் வாங்கி, நகர்ந்துகொண்டே இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கும். இந்த இரட்டைச் சர்க்கரைக்குச் செல்லோபயோஸ் என்று பெயர். மூன்றாவது, பீட்டா குளுக்கோசிடேஸ். அது இரட்டையைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸ் ஆக்கும்.

மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை, தனித்தனியே செய்யும் வேலைகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது. முதல் நொதி வெட்டாவிட்டால் இரண்டாவதற்கு முனைகள் கிடைப்பது அரிது. மூன்றாவது பின்தங்கினால் செல்லோபயோஸ் சேர்ந்து, இரண்டாம் நொதியின் துளையை அடைத்து வேலையை நிறுத்திவிடும். டிரைக்கோடெர்மா ரீசியிடம் உள்ள குறை இதுதான்: மூன்றாம் நொதியைக் குறைவாகவே சுரக்கிறது. ஆகவே ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூசணத்திலிருந்து அந்நொதியை எடுத்துச் சேர்ப்பது வழக்கமாயிற்று.

பாடநூல்களில் நெடுங்காலம் இம்மூன்றே இருந்தன. 2010, 2011 ஆண்டுகளில் வெளியான ஆராய்ச்சிகள் நான்காவது ஒன்றையும் சேர்த்தன. செம்பு அணுவைத் தாங்கிய இந்த நொதி, மற்றவற்றைப்போல் நீரைக் கொண்டு வெட்டாமல், ஆக்ஸிஜனேற்றத்தால் வெட்டுகிறது. இறுக்கமான நாரின் மேற்பரப்பிலேயே இது கீறல் உண்டாக்கி மற்றவற்றுக்கு வழி திறக்கிறது.

லிக்னின் என்னும் காவல்

பருத்தியில் செல்லுலோஸ் ஏறக்குறையத் தூய்மையாக இருக்கிறது. வைக்கோலில் அப்படி இல்லை. நாரைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்னும் வேறு சர்க்கரைகளாலான பொருளும், அனைத்தையும் இறுக்கிப் பூசிய லிக்னினும் உள்ளன. லிக்னின் சர்க்கரை அன்று. ஒழுங்கான சங்கிலியாகவும் இல்லாமல் தாறுமாறாகப் பின்னிய வலை அது. ஒழுங்கான பிணைப்பைத் தேடி வெட்டும் நொதிக்கு இங்கே பிடி கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, செல்லுலோஸை நாடி வரும் நொதிகள் லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாகவும் போகின்றன.

லிக்னினை நன்கு அழிப்பவை வெண்மக்கல் பூசணங்கள். இவை படர்ந்த மரம் வெளுத்து நார்நாராகும். ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம் என்னும் பூசணத்திலிருந்து லிக்னினை உடைக்கும் நொதியை 1983-இல் கண்டறிந்தனர். ஹைட்ரஜன் பெராக்ஸைடின் துணையோடு அது லிக்னினை எரிப்பதுபோல் ஆக்ஸிஜனேற்றி உடைக்கிறது. நெருப்பு இல்லாத எரிப்பு எனலாம். தமிழ்நாட்டில் வைக்கோலில் வளர்த்து விற்கும் சிப்பிக்காளானும் வெண்மக்கல் இனமே. காளான் பைகளில் வைக்கோல் நாளுக்கு நாள் வெளுத்து மெதுவாவதைக் கண்டவர்கள் இந்த நொதிகளின் வேலையைக் கண்ணாரக் கண்டவர்கள். ஆனால் இதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். ஆலைகள் அவ்வளவு காத்திருப்பதில்லை. ஆகவே வைக்கோலை நீர்த்த அமிலத்தோடு நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தைச் சட்டென விடுவித்து நாரைப் பிரித்த பிறகே நொதியை ஊற்றுகிறார்கள்.

நொதியைப் பயிரிடும் முறை

பூசணத்தை வளர்த்து நொதி எடுப்பது கீழை நாடுகளில் சமையற்கட்டிலேயே தொடங்கிய கலை. ஜப்பானியர் அரிசியிலும் சோயாவிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூசணத்தை வளர்த்து மதுவும் சாறும் வடித்து வந்தனர். அந்நாட்டவரான ஜோகிச்சி தகாமினே அமெரிக்காவில் கோதுமைத் தவிட்டில் இப்பூசணத்தை வளர்த்து, மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியைப் பிரித்து, 1894-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய டாகாடையஸ்டேஸ் செரிமான மருந்தாக விற்பனையாயிற்று.

ஈரத் தவிட்டைத் தட்டில் பரப்பி வளர்க்கும் அந்த முறை இன்றும் உண்டு. செலவு குறைவு; தண்ணீரும் குறைவு. ஆனால் பூசணம் வளரும்போது சூடு பிறக்கிறது. குவியலின் நடுவே சூட்டைத் தணிப்பது கடினம். எனவே பெரிய ஆலைகள் எஃகுக் கொப்பரைகளில் திரவ ஊடகம் நிறைத்து, தூய காற்றைச் செலுத்திக் கலக்கியபடி வளர்க்கின்றன. டிரைக்கோடெர்மா ரீசி ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில் நன்கு வளரும். அதன் நொதியோ 50 பாகையளவில்தான் விரைந்து வேலை செய்யும். வளர்ப்பதும் வேலை வாங்குவதும் தனித்தனிக் கொப்பரைகளில் நடப்பதற்கு இது ஒரு காரணம்.

இதில் ஒரு சூழ்ச்சியும் வேண்டும். குளுக்கோஸை ஊட்டினால் பூசணம் கொழுத்து வளரும். ஆனால் செல்லுலோஸ் நொதியைச் சுரக்காது. கையில் சோறு இருக்கையில் உலக்கையைத் தேடுவார் யார்? செல்லுலோஸோ லாக்டோஸோ இருந்தால்தான் சுரக்கும். சோஃபரோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரை மிகச் சிறிதளவே இருந்தாலும் சுரப்பைத் தூண்டும் என்று மேண்டல்ஸ் குழுவினர் 1962-இல் கண்டனர். பின்னர் 1970களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் புறஊதாக் கதிராலும் வேதிப்பொருளாலும் பூசணத்தில் மாற்றங்களை உண்டாக்கி, குளுக்கோஸ் இருந்தாலும் சுரப்பைக் கைவிடாத வகையைத் தேர்ந்தெடுத்தனர். ரட்-சி30 என்பது அதன் பெயர். சுரப்பை அடக்கும் மரபணு அதில் குறைபட்டுப் போயிருந்தது பிற்காலத்தில் தெரிந்தது. இத்தகைய வகைகளை மேலும் திருத்தி, லிட்டருக்கு 100 கிராம் வரை புரதம் சுரக்கச் செய்திருக்கிறார்கள்.

இந்நொதிகளின் பயன் வைக்கோலோடு நிற்பதில்லை. திருப்பூரில் பின்னலாடைகளை இதே செல்லுலேஸில் கழுவி, துணியின் மேல் எழும் சிறு நூற்பிசிறுகளைக் களைந்து மெருகூட்டுகிறார்கள். கூடாரத்தை அழித்த நொதி அளவறிந்து கையாளப்பட்டதால் பனியனுக்கு அழகு செய்கிறது.

நொதியை அளப்பது எப்படி?

ஒரு குப்பியில் உள்ள நொதி எவ்வளவு வலியது என்று பொது அளவுகோல் இல்லாவிட்டால், ஒரு நாட்டு ஆய்வை மற்றொரு நாட்டு ஆய்வோடு ஒப்பிட இயலாது. உலகம் முழுதும் பின்பற்றும் முறையை 1987-இல் தொகுத்து வெளியிட்டவர், நம் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் டி. கே. கோஷ்.

முறை எளிது. 1 செ.மீ. அகலமும் 6 செ.மீ. நீளமும் உள்ள வாட்மன் 1-ஆம் எண் வடிதாள் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் எடை ஏறத்தாழ 50 மில்லிகிராம். அதைத் தாங்கற் கரைசலில் நனைத்து, நொதிக் கரைசலில் அரை மில்லிலிட்டர் சேர்த்து, 50 பாகை வெப்பத்தில் சரியாக 60 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் அடங்கிய கரைசலை ஊற்றிக் கொதிக்கவைத்தால், பிறந்த சர்க்கரையின் அளவுக்கேற்பச் செம்பழுப்பு நிறம் ஏறும். 2 மில்லிகிராம் குளுக்கோஸ் பிறக்கும் அளவுக்கு நொதியை நீர்த்துக் கணக்கிடுவார்கள். உயிர்வேதியியல் பயிலும் நண்பர்கள் தம் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

ஒரு கணக்கு

ஒரு டன் வைக்கோலில் 350 கிலோ செல்லுலோஸ் உண்டு என்று கொள்வோம். உடையும்போது நீர் சேர்வதால் 350 கிலோ செல்லுலோஸ் 389 கிலோ குளுக்கோஸ் ஆகும். ஈஸ்ட் அதைப் புளிக்கவைத்தால் எடையில் ஏறத்தாழப் பாதி கரியமில வாயுவாகப் போகும். மிகுவது 199 கிலோ எத்தனால். அதாவது சுமார் 252 லிட்டர்.

அரியானாவில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் மதிப்பு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அன்று அறிவிக்கப்பட்ட திட்டம். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 150 லிட்டர்.

நம் ஏட்டுக்கணக்குக்கும் இதற்கும் இடையே 100 லிட்டர் வேறுபாடு. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சர்க்கரையையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெருகும். இந்த இழப்பு பல வாயில்களில் நேர்கிறது. வேகவைக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி கருகி ஈஸ்டுக்கு ஆகாத பொருளாகிறது. லிக்னின் மறைத்த நார் உடைபடாமல் நின்றுவிடுகிறது. சர்க்கரை சேரச் சேர நொதியின் வேகம் தளர்கிறது. ஹெமிசெல்லுலோஸில் மிகுந்துள்ள சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் புளிக்கவைப்பதில்லை. இந்த நான்கு வாயில்களில் ஒன்றை ஓரளவு அடைத்தாலும் ஆலையின் வரவு செலவு மாறிவிடும். உலகெங்கும் இத்துறையில் நடக்கும் ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை இந்த வாயில்களைச் சுற்றியே நடக்கின்றன.

வயலிலேயே மக்கச் செய்தல்

வைக்கோலை ஆலைக்குக் கொண்டுசெல்லாமல் பூசணத்தையே வயலுக்குக் கொண்டுசென்றால் என்ன? பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அவ்வழியை முயன்றது. தாளை மக்கச் செய்யும் பூசணங்கள் சிலவற்றை மாத்திரைக் கூட்டில் அடைத்துத் தருகிறார்கள். வெல்லமும் கடலைமாவும் கரைத்த நீரில் 4 கூடுகளை இட்டுச் சில நாள் ஊறவைத்தால் 25 லிட்டர் கரைசல் கிடைக்கும். அதை மேலும் நீர்த்து ஒரு ஹெக்டேரில் தெளிக்கலாம். டில்லி அரசு 2020-இல் வயல்களில் இதைத் தெளிக்கச் செய்தது.

வழி மலிவானது, மண்ணுக்கும் நல்லது. ஆனால் தாள் மக்குவதற்கு 20 முதல் 25 நாள் வேண்டும் என்கிறார்கள். நிலத்தில் ஈரம் வேண்டும். தாளை மண்ணோடு கலக்கவும் வேண்டும். உழவர் கையில் இருக்கும் காலமும் அதே மூன்று வாரம். அறுவடை ஒரு வாரம் தாழ்ந்தாலோ, குளிர் முந்தி வந்து பூசணத்தின் வேகத்தைக் குறைத்தாலோ, கணக்குத் தவறிவிடும். கோதுமை விதைப்பு தாழ்ந்தால் விளைச்சல் குறையும். அந்த இழப்பை ஏற்பவர் உழவர், ஆராய்ச்சிக்கூடம் அன்று. மருந்து இருந்தும் தீக்குச்சி மறையாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கூடாரத்துணியைத் தின்ற பூசணத்துக்கு வெப்பமும் ஈரமும் காலமும் ஒருங்கே கிடைத்தன. பஞ்சாப் வயலில் கார்த்திகை நெருங்கும் வேளையில் அம்மூன்றும் குறைவு.

ஆகவே பூசணத்திடம் ஆற்றல் உண்டா என்பது இன்று வினா அன்று. அது பல்லாண்டுகட்கு முன்பே உறுதியாகிவிட்டது. குறைந்த வெப்பத்தில், குறைந்த நாளில், குறைந்த செலவில் அதை வேலை வாங்குவது எப்படி என்பதே வினா. இதில் பூசணத்தை ஆராய்வோருக்கு மட்டுமன்றி நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. குளிரிலும் உழைக்கும் பூசணத்தைத் தேடுவது உயிரியலார் வேலை. லிக்னினைக் குறைந்த சூட்டில் பிரிப்பது வேதியியலார் வேலை. சிதறிய வைக்கோலைக் கட்டிச் சேர்க்கும் செலவைக் குறைப்பது பொறியியலார் வேலை. எரிக்காமல் காத்த உழவருக்கு ஏற்படும் இழப்பை யார் ஈடுசெய்வது என்று கணக்கிட்டுச் சொல்வது பொருளியலார் வேலை. குறுகிய நாளில் விளையும் நெல்வகைகளைப் பரப்பி, அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே பத்து நாள் கூட்டிக் கொடுப்பது வேளாண்மை பயில்வோர் வேலை. பத்து நாள் கூடினால் பூசணம் தன் வேலையை முடித்துவிடும்.